கண் முந்தினால் கை முந்தும்

நண்பர் ஒருவரிடம் அளவுகோலைக் கொடுத்து, உங்கள் விரல்களுக்கிடையே திடீரென நழுவவிடச் சொல்லுங்கள். நீங்கள் பிடிப்பதற்குள் அது சுமார் 20 செ.மீ. விழுந்துவிடும். புவியீர்ப்பில் அதற்கு ஆகும் காலம் 0.2 வினாடி. கண் கண்டு கை இயங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய ‘சேபர்’ வாள்வீச்சில், இருவரும் தொட்டால் புள்ளி முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே. எதிர்த்தாக்குபவர் 0.17 வினாடிக்கு மேல் முந்தித் தொட்டால்தான், மற்றவரின் தொடுகையை மின்கருவி பதியாது. வாள் நெருங்கியபின் கை நீட்டிப் பயனில்லை. எதிராளியின் அடிவைப்பிலேயே நோக்கத்தைப் படித்தறிய வேண்டும்.

குந்தாரப்பள்ளியில் வாளுக்கு எங்கே போவது? அளவுகோலே போதும். நண்பர் 1, 2, 3 என்று சீராக எண்ணி நழுவவிடட்டும், முன்னதாகவே பிடிப்பீர்கள். தாளத்தை மாற்றினால் ஏமாறுவீர்கள். தேர்ந்த வாள்வீரர் செய்வதும் அதுவே!