செக்கிங் டேபிள் – 17: ஓட்டுக்கு எத்தனை ஷிப்ட்?

‘சர்கார்’ படம் 2018 தீபாவளிக்கு வந்தது. தீபாவளிக்குத் திருப்பூரில் படம் பார்க்க ஆள் குறைவு. போனஸ் கைக்கு வந்ததும் பாதி ஊர் தேனி, மதுரை, நெல்லை, திருவாரூர் என்று பஸ் ஏறிவிடும். ஊரில் படம் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் கதை சொன்னார்கள். பிசிர் வெட்டிக்கொண்டே கதை கேட்பதில் ஒரு வசதி: பாட்டும் சண்டையும் கழிந்துபோய் விஷயம் மட்டும் வந்து சேரும்.

அமெரிக்காவில் பெரிய கம்பெனி நடத்தும் நாயகன் ஓட்டுப் போடச் சென்னைக்குப் பறந்து வருகிறார். அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள். உடனே கோர்ட், 49பி. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் கேட்பாரற்றுக் கிடந்த அந்த விதி, படம் வந்தபின் டீக்கடைவரை பெயர் வாங்கிவிட்டது. உங்கள் ஓட்டு கள்ள ஓட்டாகப் போயிருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று அதிகாரியிடம் காட்டிவிட்டு, மெஷினில் இல்லாமல் வாக்குச்சீட்டில் குத்தலாம். அது தனி உறைக்குள் போகும். கோர்ட் சொன்னாலொழிய எண்ண மாட்டார்கள்.

கதையை முழுக்கக் கேட்ட உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா, பீஸைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டார்: “அந்தாளு லீவு யாருகிட்டத்தா கேட்டாரு?”

சிரித்தோம். ஆனால் அதுதான் கேள்வி. அக்காவின் ஓட்டு உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறது. அவருக்கு வேலை இங்கே.

2016 சட்டமன்றத் தேர்தல் திங்கள்கிழமை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்பினால் சௌகரியமாகப் போய் வரலாம். 2019 வியாழன். 2021 ஏப்ரல் 6 செவ்வாய். வாரத்தை நடுவில் பிளந்த நாள். 2024 ஏப்ரல் 19 வெள்ளி. வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு ராத்திரியே பஸ் பிடித்தால்தான் சனிக்கிழமை ஷிப்டுக்கு வந்து நிற்கலாம். சம்பளக் கவர் கொடுக்கும் நாளும் அதுதான். தேர்தல் தேதி அறிவித்ததும் டிவிக்காரர்கள் கூட்டணியைப் பேசுவார்கள். எங்கள் டேபிளில் முதலில் கிழமையைத்தான் கேட்போம்.

சட்டம் பெண்கள் பக்கம்தான் இருக்கிறது, தாளில். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி: ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். வேலை பார்த்தால்தான் கூலி என்று இருப்பவர்களுக்கும் அன்றைக்கு வேலை செய்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். மீறுகிற முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லரின் ஒருநாள் கூலியை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அபராதம் கட்டுவதே லாபம் என்று ஒருவர் கணக்குப் போட்டால் ஆச்சரியப்பட முடியாது. கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்ணுக்கு அந்தக் கணக்கும் தேவையில்லை. ‘லீவுதான், போய்ட்டு வாங்க’ என்பார்கள். பீஸ் இல்லை, காசு இல்லை. போக வர பஸ் டிக்கெட் வேறு.

“இங்கயே மாத்திக்கலாமுல்லங்க?” என்று கேட்கிற உள்ளூர்க்காரர்கள் உண்டு. மாற்றலாம், படிவம் 8 இருக்கிறது. ஆனால் லைன் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. ரேஷன் கார்டு ஊரில். கம்பெனி மாறினால் வீடும் மாறும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று: ஊரில் ஓட்டு இருக்கிறவரைக்கும்தான் ஊர் தம்மைக் கணக்கில் வைத்திருக்கும் என்ற நினைப்பு.

அதிலும் பாருங்கள், ஆண் சொல்லும் ‘எங்க ஊரு’ ஒன்றுதான். பெண்ணுக்கு மூன்று. பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், பிழைக்க வந்த ஊர். கல்யாணமானதும் ஓட்டு புருஷன் ஊருக்குப் போகிறது. வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் இருந்த இடத்தில் கணவர் பெயர் ஏறுகிறது. பல வருஷம் அப்படியே கிடந்துவிட்டு, 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று படிவம் வந்தது. 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே? இல்லையா? அப்படியானால் அப்பா, அம்மா பெயர் எங்கே? கணவர் பெயர் அங்கே செல்லாது. முப்பது வயதுக்காரி ஒருத்தி, செத்துப்போன அப்பாவின் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தேடி, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனுக்குப் போன் போட்டாள். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் பெரும்பங்கு, இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் ஆளில்லை என்று எழுதப்பட்டவர்கள். பகலில் வீட்டில் ஆளில்லாமல் இருப்பதுதானே இந்த ஊர்ப் பிழைப்பு!

பெண்கள் பெயர் பட்டியலில் இல்லாமல் போவது புதிதில்லை. 1951–52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப்போனபோது, வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் பெண்சாதி, இன்னார் மகள் என்றார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர் செய்தது கடுமைதான். ஆனால் அந்தக் கடுமையால்தான் அடுத்த தேர்தலில் பெயர்கள் வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே சென்னை மாகாணம் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது, பிரிட்டிஷ் இந்தியாவில் முதலாவதாக. சொத்தும் வரியும் இருந்தவர்களுக்கு மட்டும். எங்கள் பாட்டிகள் 1952வரை காத்திருந்தவர்கள்.

மறுபடி ‘சர்கார்’. அதில் இலவச மிக்சியையும் கிரைண்டரையும் தூக்கி நெருப்பில் போடுகிற காட்சி ஒன்று. அன்றைய ஆளுங்கட்சி கொதித்தது, தியேட்டர் வாசலில் பேனர் கிழிந்தது, காட்சியை வெட்டினார்கள். கருத்துச் சுதந்திரமா, அரசாங்கத்தை அவமதிப்பதா என்று இரண்டு தரப்பும் டிவியில் உட்கார்ந்து பேசின. அந்த மிக்சியில் அரைப்பவள் யாரையும் கூப்பிட்டுக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது இங்கே பல லைன் வீடுகளில் அம்மிதான். ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து சட்னி அரைக்கிறவளுக்கு அது அரைமணி நேரத் தூக்கம். நெருப்பில் போடுவதற்கு ஆண் வேண்டும். அரைத்துப் பழகாத கை வேண்டும்.

2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ‘ஆயிரத்துக்கு ஓட்டை வித்துட்டாளுங்க’ என்று பேக்கரியில் பேசிக்கொள்கிறார்கள். இதே ஊரில் ஏற்றுமதியாளர்கள், கட்டிய வரியில் திரும்பக் கிடைக்கும் டியூட்டி டிராபேக்கைக் கூட்டிக் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது நிவாரணம் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, ஆர்டர் போனால் எங்களுக்கும்தான் ஷிப்ட் போகும். அதை யாரும் இலவசம் என்று சொல்லவில்லை, தொழிலுக்கு ஊக்கம் என்றார்கள். மாவாட்டுவதும் பிள்ளை வளர்ப்பதும் நடக்காவிட்டால் காலை எட்டரைக்கு எந்தப் பவர் டேபிள் ஓடும்?

நம் சினிமாவுக்குப் பெண் என்றால் கலெக்டர் ஆக வேண்டும், ‘அறம்’ நயன்தாரா மாதிரி. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் ஒருநாள் கூலி போன கோபத்தோடு ஓட்டு வரிசையில் நிற்கும் பெண், எந்தப் படத்திலும் கூட்டத்தில் ஒருத்திதான். “வீட்டுக்காரர் சொல்ற சின்னத்துலதான் குத்துவீங்களாக்கா?” என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். “அட்டை மறைப்புக்குள்ள அவரா வந்து நிக்கிறாரு?” என்றார். விவிபாட் பெட்டியில் சீட்டு தெரிவது ஏழு விநாடி. கல்யாண வாழ்க்கையில் புருஷனுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஏழு விநாடி என்று நான் சொன்னபோது டேபிளே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை; எந்தச் சின்னம் என்றும் சொல்லவில்லை.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்பவர்களுக்கு: 2021-இல் பக்கத்து மொடக்குறிச்சியில் சி. சரஸ்வதி, சுப்புலட்சுமி ஜெகதீசனைத் தோற்கடித்தது 281 ஓட்டில். போட்டியிட்ட முக்கிய இருவருமே பெண்கள். எங்கள் மாவட்டத்துத் தாராபுரத்தில் கயல்விழி செல்வராஜ், எல். முருகனை வென்று பிறகு அமைச்சரானார்; வித்தியாசம் 1,393. அந்தத் தேர்தலில் 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். 281 என்பது பெரிய கம்பெனி ஒன்றில் மதியம் பெல் அடித்ததும் தூக்குப்போசியோடு இறங்கும் பெண்களைவிடக் குறைவு. அவர்களில் எத்தனை பேர் ஓட்டு இங்கே இருக்கிறது, எத்தனை பேர் போக லீவு கேட்டார்கள் என்று எந்தக் கட்சிக்காரரும் வாசலில் நின்று கேட்டுப் பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்க லைன் வீட்டுக்கு வருவார்கள், பகல் பதினோரு மணிக்கு.

மில் ஹாஸ்டலில் இருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்களின் கதை வேறு. வார்டன் கேட்டைத் திறந்தால்தான் முதல் ஓட்டு. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.