கணிப்பொறிக்குக் காய்ச்சலா?

மே மாதத்துப் பிற்பகல் 3 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பாடப் படத்தை ஓடவிட்டிருக்கிறீர்கள். காலையில் சுறுசுறுப்பாக வேலை செய்த அதே கணிப்பொறி இப்போது தட்டுத் தடுமாறுகிறது. படம் நின்று நின்று ஓடுகிறது. பெட்டிக்குள்ளிருந்து மின்விசிறி 'உர்' என்று இரைகிறது. "வைரஸ் புகுந்துவிட்டது" என்கிறார் அண்ணன். "பழசாகிவிட்டது, வேறு வாங்க வேண்டியதுதான்" என்கிறார் கடைக்காரர். அப்பா மாதச் சம்பளத்தைக் கணக்குப் போட ஆரம்பிக்கிறார்.

சற்றுப் பொறுங்கள். காலையில் புதியதாக இருந்த பொருள் பிற்பகலுக்குள் பழசாகிவிடுமா? வைரஸுக்கு வெயில் நேரம் தெரியுமா? காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே மாறியது என்ன என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மாறியது அறையின் வெப்பநிலை. நம் ஆய்வை அங்கிருந்தே தொடங்குவோம்.

இஸ்திரிப் பெட்டியை விடச் சூடு

கணிப்பொறியின் மூளை என்று சொல்லப்படும் பிராசசர் ஒரு சிறிய சிலிக்கன் சில்லு. அதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு சுவிட்சு. அது திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு நுண்ணிய மின்தேக்கி மின்னேற்றம் பெற்றுப் பின் மின்னிறக்கம் அடைவதுபோல நிகழ்கிறது. அந்த ஆற்றல் எங்கே போகும்? வெப்பமாகத்தான் வெளிப்பட வேண்டும். ஒரு தடவைக்கு ஆகும் ஆற்றல் மிகமிகக் குறைவுதான். ஆனால் நொடிக்கு 300 கோடித் துடிப்புகள் என்றால்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றும், அதன் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் ஆகிறது. சாதாரண மேசைக் கணிப்பொறியின் பிராசசர் 65 வாட் என்றும், சில்லின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 32 வாட்டுக்கு மேல்! இஸ்திரிப் பெட்டியைப்போல ஆறு மடங்கு. இந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லின் கதி என்ன ஆகும்?

அதற்காகத்தான் சில்லின் தலைமேல் அலுமினியத்தாலோ தாமிரத்தாலோ ஆன தகடு தகடான வெப்பக் கடத்தியை அமர்த்தி, அதன்மீது மின்விசிறியையும் பொருத்தியிருக்கிறார்கள். வெப்பம் சில்லிலிருந்து உலோகத்துக்கும், உலோகத்திலிருந்து காற்றுக்கும் போகிறது. நம் வீட்டுத் தூசி இந்தத் தகடுகளுக்கு இடையே படிந்து, ஓரிரு ஆண்டுகளில் கம்பளி விரித்ததுபோல ஆகிவிடுகிறது. மார்கழிக் குளிரில் நாம் கம்பளி போர்த்துவது எதற்காக? வெப்பம் வெளியேறாமல் இருக்கத்தானே! அதே காரியத்தைத் தூசி இங்கே செய்கிறது.

இனி வெயிலுக்கு வருவோம். ஒரே அளவு வேலை செய்யும்போது, சில்லின் வெப்பநிலை அறையின் வெப்பநிலையை விட ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடுதலாக இருக்கும். அந்த வேறுபாடு 57 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அறை 28 டிகிரி செல்சியஸ் என்றால் சில்லு 85. பிற்பகலில் அறை 40 டிகிரி என்றால் சில்லு 97. பெரும்பாலான பிராசசர்களுக்கு 100 டிகிரியை ஒட்டி ஓர் எல்லைக்கோடு உண்டு. சில்லுக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. எல்லை நெருங்கியதும் பிராசசர் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. வெளிப்படும் வெப்பத்திறன், துடிப்பின் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தால் வெப்பம் பாதியாகிவிடுகிறது! உங்கள் கணிப்பொறி சோம்பலால் மெதுவாகவில்லை. உயிர் தப்புவதற்காக மெல்ல நடக்கிறது.

இது உண்மைதானா என்று சோதிக்க வேண்டாமா? இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மேசை மின்விசிறி ஒன்றை அதன் பக்கமாகத் திருப்பி வைத்து, மறுபடி இணைத்து, அதே படத்தை ஓட்டுங்கள். (கை உள்ளே போகக் கூடாது.) வேகம் திரும்பினால் குற்றவாளி அகப்பட்டான். பிறகு மீண்டும் இணைப்பை எடுத்துவிட்டு, காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் துடையுங்கள். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். மடிக்கணிப்பொறியை மெத்தைமேலும் தலையணைமேலும் வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதன் மூக்குத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மூக்கை அடைத்துவிட்டு ஓடச் சொன்னால் அது என்ன செய்யும்?

தூசி போன பிறகும் சூடு தணியாவிட்டால், சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே தடவிய பசை காய்ந்து போயிருக்கலாம். அதைப் புதிதாகப் பூசுவது பழகியவர் வேலை. ஒரு பட்டாணி அளவு போதும். தோசைக்குச் சட்னி தடவுவதுபோல அப்பிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பசை காற்றை விட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் உலோகத்தோடு ஒப்பிட்டால் மட்டம். இடுக்குகளில் உள்ள காற்றை விரட்டுவதற்குத்தான் அது.

மேசையும் அலமாரியும்

எல்லா மந்தத்துக்கும் வெப்பமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். காலைக் குளிர்ச்சியிலேயே, பல சன்னல்களைத் திறந்தவுடன் தடுமாறுகிறதா? அப்படியானால் ராம் என்னும் நினைவகத்தைச் சந்தேகியுங்கள்.

நினைவகம் நீங்கள் படிக்கும் மேசை. ஹார்ட் டிஸ்க் புத்தக அலமாரி. மேசை நிறைந்துவிட்டால் ஒரு புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். நினைவகம் நிறைந்ததும் கணிப்பொறியும் இதையே செய்கிறது. இந்த நடையின் தூரம் எவ்வளவு தெரியுமா? நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறக்குறைய 100 நானோநொடி போதும். ஹார்ட் டிஸ்க்கோ நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஊசி தடம் மாறி நகரும் நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லிநொடியைத் தாண்டும். லட்சம் மடங்கு! மேசையிலிருந்து எடுக்க ஒரு நொடி என்றால், அலமாரிக்குப் போய்வர ஒரு முழு நாளுக்கும் மேல்.

விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் தோன்றும். பிராசசர், நினைவகம், டிஸ்க் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு வேலையில் இருக்கின்றன என்று அது காட்டும். நினைவகம் 90-ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால், மேசை போதவில்லை என்று பொருள். தேவையற்ற சன்னல்களை மூடுங்கள். முடிந்தால் நினைவகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நினைவகம் பாதிதான் நிறைந்திருக்கிறது, கணிப்பொறியைத் தொடங்கவே ஐந்து நிமிடம் ஆகிறது, டிஸ்க் மட்டும் 100-இலேயே நிற்கிறது என்றால், சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சுழலாத எஸ்.எஸ்.டி. போடுவது நல்ல வழி. பத்தாண்டு வயதான கணிப்பொறிகள்கூட இந்த ஒரு மாற்றத்தால் எழுந்து நடந்திருக்கின்றன.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். தூசியையும் துடைத்து, நினைவகத்தையும் கூட்டி, நாலு மென்பொருளையும் நீக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்யும்போது நீளத்தையும் குண்டின் நிறையையும் ஒருசேர மாற்றுவீர்களா?

கிளம்பவே மாட்டேன் என்றால்

சுவிட்சைப் போட்டும் உயிரே வரவில்லை. விளக்கு எரிகிறதா, விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சிக்கல் மின்சாரப் பாதையில். அதே பிளக்கில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். பிறகு கம்பியை மாற்றிப் பாருங்கள். அதற்குமேல் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி. அதை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பது சராசரி வகைக் கணக்கு. அதன் உச்சம் 325 வோல்ட். அந்த உச்ச அளவுக்கு மின்னேறிய மின்தேக்கிகள் உள்ளே இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அவை கடிக்கும்.

பெட்டியைத் தொட்டாலே கை 'சுரீர்' என்கிறதா? பிளக்கின் மூன்றாவது முனையான எர்த் வேலை செய்யவில்லை என்று அறியுங்கள். மின்வழங்கியில் இரு மின்கம்பிகளிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி உண்டு. எர்த் இல்லாவிட்டால், அவை இரண்டும் மின்னழுத்தத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டு, பெட்டியை 115 வோல்ட் அளவில் நிறுத்திவிடுகின்றன. கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் வெறும் கூச்சத்தோடு போகிறது. ஆனாலும் கணிப்பொறிக்காரரை அல்ல, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு, சில சமயம் 'பீப், பீப்' என்று ஓசை. மழைக்காலத்தில் அடிக்கடி இப்படி ஆகும். நினைவகப் பலகையின் பொன்னிற முனைகளில் அழுக்கும் ஈரமும் படிந்து தொடர்பு விட்டுப் போயிருக்கும். இணைப்பை எடுத்துவிட்டு, சுவிட்சைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்னேற்றத்தைப் போக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உங்கள் உடம்பின் நிலைமின்னையும் இறக்கிவிட்டு, பலகையை எடுங்கள். முனைகளை மெத்தென்ற அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துகளைத் துடைத்து, 'கிளிக்' என்று ஓசை வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். முதல் தடவை வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணிப்பொறி கிளம்பும், ஆனால் இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று மறுத்துவிடும். ஒரு கடையில் "மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்களாம். போய்ப் பார்த்தேன். திரையின் மூலையில் தேதி பத்தாண்டுக்கு முந்தைய சனவரி 1! இணையப் பக்கங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்களில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்ற வரையறை உண்டு. பத்தாண்டு பின்னே நிற்கும் கணிப்பொறிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை; ஆகவே நம்ப மறுத்தது. கணிப்பொறியை அணைத்த பின்னும் கடிகாரத்தை ஓட வைப்பது ஒரு காசு வடிவப் பேட்டரி; சி.ஆர்.2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, 3 வோல்ட். அது ஒரு குவார்ட்ஸ் படிகத்தை நொடிக்கு 32,768 முறை துடிக்க வைக்கிறது. ஏன் அந்த விசித்திர எண்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். அந்தத் துடிப்பை 15 தடவை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி! அந்தப் பேட்டரிதான் தீர்ந்திருந்தது. இரண்டு மூன்று தேநீர் விலையில் காரியம் முடிந்தது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

மடிக்கணிப்பொறியின் அடிப்பக்கம் புடைத்து, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? உள்ளே லித்தியம் பேட்டரியில் வாயு சேர்ந்திருக்கிறது. உடனே அணையுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தவோ ஊசியால் குத்தவோ கூடாது. தீப்பற்றும். பழகியவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சீராகக் கேட்கும் ஓசை. தட்டின்மேல் ஊசி சில நானோமீட்டர் உயரத்தில்தான் பறக்கிறது. நம் தலைமுடியின் தடிப்போ பல்லாயிரம் நானோமீட்டர். தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாத ஊசி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும் ஓசைதான் அது. அதைக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். தகவல் வேண்டுமென்றால் மீட்பு வேலை தெரிந்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

இது எனக்குத் தெரியாதா? இயற்பியல் பாடம் நடத்துகிறவன்தானே! ஆனாலும் என் டிஸ்க் அப்படி ஒலித்தபோது, "இந்தத் தடவை வந்துவிடும்" என்று பதினொரு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். நான்காவது தடவை கோப்புகளின் பெயர்கள்கூடத் திரையில் தெரிந்தன. பதினொன்றாவது தடவைக்குப் பின் ஓசையும் நின்றுவிட்டது. பல ஆண்டுப் பாடக் குறிப்புகள் போயின. அவற்றை மறுபடி எழுதிவிட்டேன். என் தந்தை தம் சிறுவயதுக் கதைகளைச் சொல்லப் பதிவு செய்திருந்த நாற்பது நிமிட ஒலிப்பதிவும் அதில்தான் இருந்தது. வேறு நகல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகியிருந்தார்.

இப்போது எதையும் மூன்று இடங்களில் வைக்கிறேன்: கணிப்பொறியில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் தங்கை வீட்டில் ஒன்று. அந்தப் பழைய டிஸ்க்கை ஆண்டுதோறும் வகுப்பில் திறந்து காட்டுகிறேன். முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பளபளக்கும் அந்தத் தட்டில், வெளி விளிம்புக்குச் சற்று உள்ளே, மயிரிழை அளவில் ஒரு வட்டக் கீறல் ஓடுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கடைசிப் பெஞ்சு மாணவனுக்கும் தெரியும்.