மஷ்ரபிய்யாவும் மரத்தின் அசைவும்

கெய்ரோவில் 1648இல் கட்டப்பட்ட பைத்துஸ் ஸுஹைமீ இல்லத்தைக் காண்போர் அதன் மஷ்ரபிய்யா எனும் மரச் சாளரங்களை வியப்பர். கடைசலில் உருட்டிய சிறு துண்டுகளை ஒன்றனுள் ஒன்று செருகிக் கோத்த வேலைப்பாடு அது. எகிப்தில் நல்ல மரம் அரிது என்பது இம்முறைக்கு ஒரு காரணம். மற்றொன்றே நமக்கு முக்கியம்: மரம் ஈரத்தில் பருக்கும், வறட்சியில் சுருங்கும். அகன்ற பலகையாயின் பிளந்துவிடும். கோத்த துண்டுகளோ அசைவுக்கு இடங்கொடுக்கும். அம்மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பின் வெளிவிடுவதையும் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989) எடுத்துக்காட்டினார்.

பாரிஸில் 1987இல் திறக்கப்பட்ட அரபுலக நிறுவனத்தின் தென்முகப்பில் ழான் நூவெல் 240 உலோக மஷ்ரபிய்யாக்களை அமைத்தார். வெளிச்சத்திற்கேற்ப மின்பொறிகள் அவற்றைத் திறந்து மூடும். கண்ணுக்கு விருந்துதான், ஆயினும் பொறிகள் அடிக்கடி பழுதுற்றன. வடிவம் வந்தது, மரம் வரவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

அதே நகரின் பொம்பிடு மையத்தில் 2012இல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் ஆக்கிம் மெங்கஸ் வைத்த படைப்பில் பொறியே இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் காற்றின் ஈரம் கூடக்கூட மெல்லிய மரத்தகடுகள் தாமாக விரிந்தன. இதற்கான பாடம் பைன் மரத்தின் கூம்பில் உள்ளது. அதன் ஒவ்வொரு செதிலிலும் இரு அடுக்குகள். ஈரம்பட்டால் வெளியடுக்கு மிகுதியாக நீள, செதில் உள்நோக்கி வளைந்து மூடும். உலர்ந்தால் திறந்து விதையை விடும். உதிர்ந்து உயிரற்றுப்போன கூம்பிலும் இது நிகழ்கிறது. படைத்தவன் அதற்கு நரம்பையோ தசையையோ வைக்கவில்லை. நார்களின் திசையையே வைத்தான். மரம் நாருக்குக் குறுக்கே நன்கு விரியும், நெடுக்கே மிகச் சிறிதே விரியும். எனவே வெவ்வேறாய் விரியும் இரு அடுக்குகளை ஒட்டினால் வளைவு பிறக்கும்.

மெங்கஸ் குழுவினர் 2013இல் அமைத்த மண்டபத்தின் மரத் துவாரங்கள் தெளிந்த வானில் திறந்து, மழையில் மூடிக்கொண்டன. 2019இல் ஜெர்மனியின் உர்பாஹ் ஊரில் 14 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. அதன் பலகைகள் தட்டையாகவே செய்யப்பட்டு, உலர்த்தும்போது தாமே வளைந்தவை. வளைக்கும் எந்திரம் தேவைப்படவில்லை.

இதனைக் கெய்ரோத் தச்சர் முன்பே கண்டுவிட்டனர் என்று உரிமை கொண்டாடுவதை நாம் ஏற்பதற்கில்லை. அவர்கள் அசைவைப் பொறுத்துக்கொள்ளும் அமைப்பைச் செய்தனர். இவர்கள் அசைவையே வேலைவாங்குகின்றனர். இதற்கும் எல்லை உண்டு. மரம் அறிவது ஈரத்தை. வெப்பத்தையோ ஒளியையோ அன்று. கனத்த பலகையில் ஈரம் ஊடுருவ நெடுநேரமாகும். விரைந்து அசைய வேண்டுமாயின் தகடு மெலிந்திருக்க வேண்டும், மெலிந்தது சுமை தாங்காது. உர்பாஹ் கோபுரத்திலும் பலகைகள் வளைந்தபின் அவ்வடிவிலேயே நிலைக்குமாறு பிணைக்கப்பட்டன.