சீமைக்குப் போன ஈரோட்டுப் பிள்ளை

1914-ம் ஆண்டு மார்ச் மாதம். சென்னை எழும்பூர் ரெயில் நிலையம்.

கும்பகோணம் போகும் ரெயிலில் இரண்டு பெண்கள் ஏறுகிறார்கள். ஒருவர் தாய். மற்றவர் மருமகள், அவருக்கு இன்னும் 15 வயது நிறையவில்லை. அவர்களை ரெயில் ஏற்றிவிட வந்திருப்பவர் 26 வயது வாலிபர். தலையிலே குடுமி, நெற்றியிலே நாமம்.

இன்னும் சில நாட்களில் அந்த வாலிபர் கப்பல் ஏறிச் சீமைக்குப் போகப் போகிறார். திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகுமோ, யாருக்கும் தெரியாது.

இங்கேதான் ஒரு விந்தை. தூர தேசம் போகிறவர் மகன். ஆனால் அந்த மகன்தான் தாயையும் மனைவியையும் வழியனுப்புகிறார்! கப்பல் புறப்படும் நாள்வரை அவர்களைச் சென்னையில் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏன் அப்படிச் செய்தார்?

கப்பல் ஏறுமுன் அவருடைய குடுமியை எடுத்தாக வேண்டும். வேட்டியைக் களைந்து கால்சட்டையும் கோட்டும் போட்டாக வேண்டும். அந்தக் கோலத்தைத் தாய் பார்க்கக்கூடாது. மனைவியும் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவர்கள் மனம் தாங்காது!

அந்த வாலிபர்தான் உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

தாய் வீடு ஈரோடு

ராமானுஜன் என்றதும் எல்லோருக்கும் கும்பகோணம் நினைவுக்கு வரும். அவர் வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். ஆனால் அவர் பிறந்தது கொங்கு நாட்டில்.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அவருடைய தாயார் கோமளத்தம்மாளின் பிறந்த வீடு ஈரோட்டில் இருந்தது. 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி அந்த வீட்டில் ராமானுஜன் பிறந்தார். அன்று ஈரோடு, கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1979-ம் ஆண்டில்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று.

கோமளத்தம்மாளுக்குக் கலியாணமாகிச் சில ஆண்டுகள் குழந்தை இல்லை. அவர்கள் குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். அந்தத் தாயாரை வேண்டிக் கொண்டார்கள். அதன் பிறகு பிறந்த பிள்ளைதான் ராமானுஜன். எனவே, தாய்க்கு இந்த மகன் மீது உயிர்.

தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதி வந்தார். வருமானம் குறைவு. வீட்டில் வறுமை.

கணக்கில் புலி, மற்றதில் தோல்வி!

பையனுக்குக் கணக்கு என்றால் வெல்லம். மற்ற பாடம் என்றால் வேம்பு. கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கில் முழுகிக் கிடந்ததால் மற்ற பாடங்களில் தோற்றார். உதவித் தொகை போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அதே கதை. எப்.ஏ. பரீட்சையில் தேறவே இல்லை.

பட்டம் இல்லை என்றால் வேலை ஏது? 1909-ம் ஆண்டு ஜூலை மாதம் அவருக்குக் கலியாணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு அப்போது வயது பத்து. அது குழந்தை மணம் வழக்கத்தில் இருந்த காலம்.

மூன்று ஆண்டுகள் அலைந்தபின், 1912-ம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். தாயும் மனைவியும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். சிறிய வீடு, சிறிய குடும்பம். இரவு பகலாக அவர் கணக்குப் போடுவார்.

1913-ம் ஆண்டு ஜனவரி மாதம், கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த கணக்குகளை அதில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். ஹார்டி பார்த்தார். அசந்து போனார். உடனே கேம்பிரிட்ஜுக்கு வரும்படி அழைத்தார்.

ஆனால் ராமானுஜன் "வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்!

நாமக்கல் பயணம்

கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டுவிடும் என்று நம்பிய காலம் அது. அப்படிப் போய் வந்தவரைச் சாதியார் ஒதுக்கி வைப்பார்கள். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் அழைக்க மாட்டார்கள். கோமளத்தம்மாள் ஆசாரத்தில் ஊறியவர். அவர் சம்மதிக்கவில்லை. தாய் சொல்லைத் தட்ட மகனுக்கும் மனம் வரவில்லை.

ஓர் ஆண்டு கழிந்தது. கேம்பிரிட்ஜில் இருந்து நெவில் என்ற பேராசிரியர் சொற்பொழிவு செய்யச் சென்னைக்கு வந்தார். ராமானுஜனைச் சந்தித்தார். "எப்படியாவது அவரை அழைத்து வாருங்கள்" என்பது ஹார்டியின் வேண்டுகோள். தயங்கித் தயங்கிக் கேட்டார் நெவில். இந்தத் தடவை ராமானுஜன் சரி என்று சொன்னார். நெவில் வியந்து போனார்!

இடையில் நடந்தது என்ன?

இதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். தாய் ஒரு கனவு கண்டாராம். மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறான். "உன் மகனைத் தடுக்காதே!" என்று நாமகிரித் தாயார் ஆணையிடுகிறார். விழித்ததும் தாய் சம்மதம் கொடுத்தார். இது ஒரு செய்தி.

மற்றொரு செய்தி, ராமானுஜனே நாமக்கல்லுக்குப் போனார் என்பது. துறைமுக அலுவலகத்தில் அவருக்கு மேல் அதிகாரியாக இருந்தவர் நாராயண அய்யர். அவரும் ராமானுஜனுமாகப் புறப்பட்டுச் சென்றார்கள். மலையைக் குடைந்து கட்டிய நரசிம்மர் கோவிலில் மூன்று இரவு படுத்து உறங்கினார்கள். மூன்றாம் இரவில் உத்தரவு கிடைத்தது என்கிறார்கள்.

எது எப்படி இருந்தாலும் ஒன்று உண்மை. தாயின் வாய்ச் சொல் இல்லாமல் அந்த மகன் புறப்படவில்லை. ஊரார் பேச்சுக்கு அஞ்சிய தாயும், குலதெய்வத்தின் பெயரால் மனத்தைத் தேற்றிக் கொண்டு மகனை அனுப்பத் துணிந்தார்.

"என்னையும் அழைத்துப் போங்கள்"

சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகை கொடுக்க முன்வந்தது. அதில் சுமார் 50 பவுனைக் கும்பகோணத்தில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப ராமானுஜன் ஏற்பாடு செய்தார். தாம் இல்லாத வீட்டில் அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

ஜானகிக்கும் உடன் போக ஆசை. கேட்டார். கணவர் மறுத்துவிட்டார். வயதோ சிறியது, ஊரோ அன்னியம். மனைவியையும் கவனித்துக் கொண்டு கணக்கிலும் மனத்தைச் செலுத்த முடியாது என்று சொன்னார்.

அதன் பிறகுதான் எழும்பூர் ரெயில் நிலையத்தில் அந்தப் பிரிவு நடந்தது. ரெயில் போயிற்று. அவர் திரும்பி வந்தார். குடுமி போயிற்று. கோட்டு வந்தது. காலணி போட்டு நடக்கவும், கத்தியும் முள்கரண்டியும் பிடித்துச் சாப்பிடவும் நண்பர்கள் கற்றுக் கொடுத்தார்கள்.

மார்ச் 17-ந் தேதி 'நெவாசா' என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. வழியனுப்ப நண்பர்களும் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். பெற்றவள் இல்லை. கட்டியவள் இல்லை. இரண்டு ஆண்டு முன்வரை 30 ரூபாய்க்கு ஏங்கிய குமாஸ்தா, அதே துறைமுகத்தில் இருந்து உலகப் புகழை நோக்கிப் போனார்.

பட்டம் கிடைத்தது, பார்க்க யாரும் இல்லை

ஏப்ரல் மாதம் ராமானுஜன் லண்டன் சேர்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. நான்கு மாதத்தில் முதல் உலகப் போர் மூண்டது.

அவர் சுத்த சைவம். தாமே சமைத்துச் சாப்பிட்டார். போர்க் காலத்தில் காய்கறி கிடைப்பதே அரிது. கணக்கில் இறங்கிவிட்டால் சாப்பாடும் இல்லை; தூக்கமும் இல்லை.

1916-ம் ஆண்டு மார்ச் மாதம், சென்னையை விட்டு இரண்டு ஆண்டு ஆனபோது, அவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் பி.ஏ. பட்டம் அளித்தது. பரீட்சை எழுதி வாங்கிய பட்டம் அல்ல. ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பட்டம். எப்.ஏ. தேறாதவர் என்று தள்ளப்பட்டவர் பட்டதாரி ஆகிவிட்டார்!

ஒரு வீட்டில் பிள்ளை பட்டம் வாங்கினால் என்ன நடக்கும்? தாய் கண்ணேறு கழிப்பாள். தந்தை தெருவெல்லாம் சொல்லி மகிழ்வார். ராமானுஜன் பட்டம் வாங்கிய அன்று, அவருடைய சொந்தம் யாவும் கடலுக்கு அப்பால் இருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஜானகி தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மனைவி ஏன் எழுதவில்லை என்று தெரியாமல் அங்கே கணவர் வாடினார்.

உடல் நலம் கெட்டது. மருத்துவமனை மருத்துவமனையாக மாறினார். 1918-ம் ஆண்டு ராயல் சொசைட்டியில் அவரை உறுப்பினர் ஆக்கினார்கள். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் அவரைப் பெல்லோவாகத் தேர்ந்தெடுத்துப் பெருமைப் படுத்தியது. புகழ் ஏற ஏற, உடம்பு இளைத்துக் கொண்டே வந்தது.

நாடு திரும்புமுன் ஆண்டுக்கு 250 பவுன் அவருக்குக் கிடைக்க ஏற்பாடாயிற்று. அவர் எழுதிய பதில் என்ன தெரியுமா? இது தம் தேவைக்கு அதிகம். பெற்றோருக்கு 50 பவுன் போக, மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளும் அனாதைகளும் படிக்கச் செலவிட வேண்டும் என்று எழுதினார்!

காவிரிக் கரையில்

1919-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் பம்பாயில் வந்து இறங்கினார். தாயும் தம்பியும் காத்திருந்தார்கள். அவர் கண்கள் மனைவியைத் தேடின. "ஜானகி எங்கே?" என்று கேட்டார். ஜானகி வரவில்லை. பிறகு செய்தி அனுப்பி வரவழைத்தார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின், சென்னையில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினைந்து வயதுப் பெண்ணாக ரெயில் ஏறியவர், இருபது வயது மங்கையாக வந்து நின்றார்.

கோடை வந்தது. சென்னை வெயில் நோயாளிக்கு ஆகவில்லை. குடும்பத்தோடு கொடுமுடிக்கு வந்தார்கள். ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே காவிரிக் கரையில் இருக்கிற அதே கொடுமுடிதான். எந்தச் சீமையில் பிறந்தாரோ அந்தக் கொங்குச் சீமைக்கே திரும்பி வந்து சேர்ந்தார் ராமானுஜன்.

அங்கே நடந்ததாகச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆவணி அவிட்டத்து நாள். ராமானுஜன் காவிரிக்குப் புறப்பட்டார். ஜானகியும் உடன் வரவேண்டும் என்றார். தாய் வேண்டாம் என்றார். தாய் சொல்லைத் தட்டாத மகன், அன்று மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. "அவளும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் ஜானகிதான் அவர் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார்.

மருந்து கொடுத்தார். ஒத்தடம் கொடுத்தார். படுத்தபடியே அவர் எழுதித் தள்ளிய தாள்களை எடுத்து அடுக்கி வைத்தார். "உன்னையும் அழைத்துப் போயிருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது" என்று கணவர் வருந்தியதைப் பிற்காலத்தில் ஜானகி நினைவு கூர்ந்திருக்கிறார்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். வயது 32. கடைசி மாதங்களில் அவர் கண்டுபிடித்த கணக்குகளை இன்றும் உலகத்து அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஜானகி

கணவர் இறந்தபோது ஜானகிக்கு வயது 21. சில ஆண்டுகள் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தார். தையல் கற்றார். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். பல்கலைக் கழகம் கொடுத்த சிறு உபகாரச் சம்பளமும் துணையாக இருந்தது. தோழி ஒருவரின் மகனை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்து ஆளாக்கினார்.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, வைக்கவில்லையே என்பது அவருடைய ஏக்கம். இதைக் கேள்விப்பட்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் முயற்சி எடுத்தார்கள். பல நாட்டு அறிஞர்கள் பணம் போட்டார்கள். ராமானுஜனின் மார்பளவு வெண்கலச் சிலை செய்து ஜானகி அம்மாளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி. அவர் 1994-ம் ஆண்டு காலமானார்.

இன்று கொங்கு நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருந்து பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். கோவை விமான நிலையத்தில் தாய்மார்கள் கையசைத்து நிற்கிறார்கள். அன்றிரவே செல்பேசியில் முகம் பார்த்து "சாப்பிட்டாயா, கண்ணு?" என்று கேட்கிறார்கள்.

கோமளத்தம்மாளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜானகிக்கும் இல்லை. வீட்டார் மனம் நோகக்கூடாது என்று எண்ணி, அவர்களை முன்னதாகவே ஊருக்கு அனுப்பினார் ராமானுஜன். குடுமி போனதை அவர்கள் கண்ணால் காணவில்லை. ஆனால் பிரிந்திருந்த ஐந்து ஆண்டுத் துயரத்தை அவரால் தடுக்க முடியவில்லை. கொடுமுடியில் காவிரிக்கு மனைவியை உடன் அழைத்துச் சென்ற அந்த ஒரு நாளில், அந்தக் கடனில் கொஞ்சத்தை அவர் தீர்த்தார்.