நிரற் களஞ்சியத்தின் தோற்றம்: உருவமும் உள்ளடக்கமும்

கணினி நிரல்களில் ஏற்படும் மாற்றங்களைப் பதிந்து பேணும் ‘கிற்’ என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கினார். அத்தகைய பதிவுகளைக் காட்சிப்படுத்தவென 2008இல் தோன்றிய கிற்ஹப் தளத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018இல் விலைக்கு வாங்கியது. அங்கே கோடிக்கணக்கான களஞ்சியங்கள் ஒரே முகத்துடன் காட்சியளிக்கின்றன. உழைப்பு பலருடையது, முகமோ நிறுவனத்தினுடையது.

இந்நிலையில் ‘ஸ்டாகிற்’ போன்ற சிறு கருவிகள் கவனத்துக்குரியன. இவை ஒருவரது களஞ்சியத்தை நிலையான பக்கங்களாக எழுதிவைக்கின்றன. வாசகர் வருந்தோறும் அவற்றைப் புதிதாக ஆக்கவேண்டியதில்லை. எழுத்துரு, நிறம், இடைவெளி ஆகியவற்றை ஒரேயொரு பாணிக் கோப்பின் மூலம் உரியவரே தீர்மானிக்கலாம்.

எனினும், தோற்றத்தை வெறும் அலங்காரமாகக் கொள்ளுதல் தவறாகும். களஞ்சியத்தின் உள்ளடக்கம் முடிவுற்ற நிரல் மட்டுமன்று. அந்நிரல் உருவாகிய வரலாறுமாகும். எனவே, யார், எப்போது, எதன்பொருட்டு மாற்றினர் என்னும் குறிப்புகளே கோப்புப் பட்டியலுக்கு முன்னர் இடம்பெறுதல் பொருத்தமுடைத்து. நீக்கிய வரியைச் சிவப்பாலும் சேர்த்த வரியைப் பச்சையாலும் சுட்டுவது வழக்கம். அவ்விரு நிறங்களையும் வேறுபடுத்தி அறிய இயலாதோர் உளர். அவர்பொருட்டுக் கழித்தற் குறியும் கூட்டற் குறியும் பேணப்படல் வேண்டும். தனித்துவத்தை நாடும் உருவம், பிறரை விலக்காமலும் உழைப்பின் சுவடுகளை மறைக்காமலும் அமையும்போதே உள்ளடக்கத்துடன் இயைபுறுகிறது எனலாம்.