எடை சரி, வயிற்றளவு?

2004-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி சுகர் வரும்?" என்று கேட்பவர்களுக்கு அந்தப் படமே பதில். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மூரில் சகஜம். வயசானால் தொப்பை விழத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது.

வயிற்றைச் சுற்றிப் பருத்தவர்களைத்தான் சர்க்கரை நோய் அதிகம் பிடிக்கிறது, தொடையும் பிட்டமும் பருத்தவர்களை அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதை மார்சேய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதிவிட்டார். காரணம் பிற்பாடுதான் விளங்கியது. தோலுக்கு அடியில், குறிப்பாகத் தொடைப் பகுதியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் தொந்தரவு செய்யாத சேமிப்பு. அங்கே இடம் போதாதபோது மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்திலும் படிகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாது. நாம் சாப்பிடாத நேரத்திலும் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுகொடுக்கக் கூடுதலாக இன்சுலின் சுரந்து சுரந்து கணையம் ஓய்ந்துபோகிறது.

உள்கொழுப்புதான் வினை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனில் முன்னேற்றமே இல்லை.

சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பி.எம்.ஐ. கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றளவுப்படி 39.5 சதவீதம். எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பினால் எத்தனை பேரைத் தவறவிடுகிறோம்!

ஆறுதலான செய்தி, எடை குறைந்தால் கல்லீரல் கொழுப்பு சீக்கிரமே கரைகிறது. பிரிட்டனில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத நோயாளிகளை மருத்துவக் கண்காணிப்பில் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தபோது, ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம்.

தையல் டேப் ஒன்று போதும். பேன்ட் போடும் இடத்தில் அளக்காதீர்கள். அது பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டதும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தெற்காசியர்களுக்கான எல்லை. அதைத் தொட்டவர்கள், எடை எதுவானாலும், வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.