அம்மாவுக்கு ஒரு புது அடுப்பு

தீபாவளிக்குப் புலாவ் செபாங் போயிருந்தபோதுதான் பார்த்தேன். பின்கட்டு விறகடுப்பு விரிசல் விட்டிருந்தது. வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருந்தாலும், குளிக்க வெந்நீர், மீன்குழம்பு எல்லாம் அம்மாவுக்கு விறகில்தான். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்துப் பழக்கம். கூடவே விடாத இருமல்.

“விறகை விட்டுடும்மா” என்றேன்.

“அடுப்ப மாத்துப்பா. என்னை மாத்தாதே.”

வீட்டுக்குள் சேரும் புகை சாதாரணமானதல்ல. வீட்டுக் காற்று மாசினால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதனால் விலையைவிட மூன்று விஷயங்களைப் பார்த்தேன்.

முதலில், புகை கூரைக்கு மேலே போகப் புகைபோக்கி வேண்டும். அடுத்து, அடுப்பின் வயிறு சிறிதாக, சூடு வெளியேறாதபடி இருக்க வேண்டும். சூடு உள்ளேயே தங்கினால் புகையும் எரிந்துவிடும், விறகும் குறையும். ‘ராக்கெட்’ அடுப்பின் சூட்சுமம் இதுதான். மூன்றாவது, விறகுக்கு அடியில் காற்று புக வழி வேண்டும்.

செங்கல் அடுப்பையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஈர விறகு போட்டால் எந்த அடுப்பும் புகையும். சூட்டில் ஒரு பங்கு ஈரத்தை விரட்டவே போய்விடும். ரப்பர் விறகைப் பிளந்து, தரையில் படாமல், கூரைக்கடியில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும்.

எவ்வளவு நல்ல விறகடுப்பும் கேஸ் அளவுக்குச் சுத்தமில்லை. எனவே ஓர் ஒப்பந்தம்: அன்றாடச் சமையல் கேஸில், வெந்நீர் மட்டும் விறகில். இருமலுக்கு மருத்துவரையும் பார்த்தாயிற்று.

மீன்குழம்பு? அது மட்டும் ஞாயிற்றுக்கிழமை விறகில்தானாம். நான் தலையாட்டிவிட்டேன்.